மெடூசா பிறவியிலேயே அரக்கியா? கிரேக்கப் புராணக் கேள்வி-பதில்

கே: மெடூசா பிறவியிலேயே அரக்கி என்கிறது ஒரு புத்தகம். சாபத்தால் அரக்கியான அழகி என்கிறது இன்னொன்று. எதை நம்புவது?

ப: இரண்டையும் நம்பலாம். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய எழுநூறு ஆண்டு இடைவெளி இருக்கிறது, அவ்வளவுதான். கி.மு. 700 வாக்கில் பாடிய ஹெசியட், கோர்கன்கள் என்ற மூன்று சகோதரிகளைச் சொல்கிறார். இரண்டு பேருக்குச் சாவே கிடையாது. மெடூசாவுக்கு மட்டும் உண்டு. பெர்சியஸ் என்ற வீரன் அவள் தலையைத் தேடிப் போனதற்கு அதுதான் காரணம். சாபம் எதுவும் அங்கே இல்லை. கி.பி. 8 வாக்கில் ரோமாபுரிக் கவிஞர் ஒவிட் எழுதும்போதுதான் அவள் கூந்தலுக்குப் பேர்போன அழகியாகிறாள். கடல் தெய்வம் அவளைக் கோயிலுக்குள்ளேயே வைத்துக் கெடுக்கிறது. கோயிலுக்குரிய தேவியோ கெடுத்தவனை விட்டுவிட்டு, கெடுக்கப்பட்டவளின் கூந்தலைப் பாம்பாக்குகிறாள்.

இதில் எது மூலக்கதை என்று கேட்டிருந்தால் கிரேக்கர்களே திகைத்திருப்பார்கள். மாற்றக்கூடாத ஒரே புனித நூல் என்று அவர்களுக்கு எதுவும் இருந்ததில்லை. ஊருக்கொரு கோயில், கோயிலுக்கொரு திருவிழா, திருவிழாவுக்கொரு கதை. ஏதென்ஸ் நாடக ஆசிரியர்கள் முடிவையே மாற்றி எழுதினார்கள். மீடியா தன் பிள்ளைகளைத் தானே கொல்வது யுரிப்பிடிஸ் தன் நாடகத்தில் சேர்த்தது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். வேறொரு பழங்கதையில் அவர்களைக் கொன்றது கொரிந்து நகரத்து மக்கள். கி.மு. 431-ல் அந்த நாடகத்துக்குப் போட்டியில் கடைசி இடம்தான் கிடைத்தது. இன்றைக்கு மீடியா என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அந்த முடிவுதான்.

கே: பாதாள உலகத்து நாய் கெர்பரஸுக்குத் தலை எத்தனை?

ப: ஹெசியட் ஐம்பது என்கிறார். ஜாடிகளில் படம் தீட்டியவர்கள் இரண்டு, மூன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். கவிஞருக்கு ஐம்பது தலை என்பது ஒரே சொல். ஓவியருக்கு ஒவ்வொரு தலையும் ஒரு வேலை.

கே: ட்ராய் நகரத்து மரக்குதிரை வரும் காட்சி இலியட்டில் எந்த இடத்தில் இருக்கிறது? தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

ப: கிடைக்காது. இலியட் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது. குதிரை அதற்குப் பிறகு. ஒடிசியில் அதைப் பற்றிச் சில இடங்களில் பேசுகிறார்கள். அதில் ஒன்று மறக்கவே முடியாதது. குதிரைக்குள் ஆட்கள் ஒளிந்திருக்கிறார்களோ என்ற சந்தேகத்தில் ஹெலன் அதை மூன்று முறை சுற்றி வருகிறாள். கையால் தட்டிப் பார்க்கிறாள். உள்ளே இருக்கக்கூடிய ஒவ்வொருவனையும் அவனவன் மனைவியின் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். பத்து வருடமாக வீட்டைப் பார்க்காத ஆண்கள் அவர்கள். ஒருவன் பதில் சொல்ல வாயைத் திறந்தே விடுகிறான். ஒடிசியஸ் அவன் வாயைக் கையால் இறுக்கிப் பொத்துகிறான்.

மைக்கோனோஸ் தீவின் அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய மண்ஜாடி இருக்கிறது. 1961-ல் கிடைத்தது; கி.மு. 670 வாக்கில் செய்யப்பட்டது. அதன் கழுத்தில் புடைப்பாகக் குதிரை. கால்களுக்கடியில் சக்கரம், விலாவில் வரிசையாகச் சதுர ஜன்னல், ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம். உள்ளே இருப்பவர்கள் கத்தியையும் தலைக்கவசத்தையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதை மட்டும் பார்த்தால் குழந்தைகள் புத்தகத்துப் படம். பார்வையைக் கொஞ்சம் கீழே இறக்கினால் ஜாடியின் உடம்பு முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். பலவற்றில் வாளோடு ஒரு வீரன், எதிரே ஒரு பெண், அவள் கண்முன் வெட்டுப்படும் குழந்தை. வென்றவர்களின் மொழி பேசிய ஒரு குயவர் தோற்றவர்களின் வீட்டுக்குள் நின்று இதைச் செய்திருக்கிறார். எனக்கு இலியட்டுக்குச் சமமான படைப்பு அது.

கே: அகிலிஸுக்குக் குதிகாலில் மட்டும்தானே காயம் படும்?

ப: ஹோமரிடம் அப்படி இல்லை. இலியட்டில் ஓர் ஈட்டி அவன் முன்கையை உரச, ரத்தம் கொட்டுகிறது. குழந்தையை ஸ்டிக்ஸ் ஆற்றில் அம்மா முக்கி எடுத்தாள், அவள் பிடித்திருந்த இடம் மட்டும் நனையவில்லை என்ற கதை, நமக்குக் கிடைத்த நூல்களில் முதன்முதலாக ஸ்டேஷியஸ் என்ற ரோமானியக் கவிஞரிடம் வருகிறது. அவர் காலம் கி.பி. முதல் நூற்றாண்டு.

கே: மினோட்டார் அடைபட்டிருந்த லாபிரிந்த் நிஜமா? கிரீட் தீவுக்குப் போனால் பார்க்கலாமா?

ப: க்னோஸோஸ் அரண்மனையைப் பார்க்கலாம். ஆர்தர் எவன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1900-ல் தோண்ட ஆரம்பித்தார். அறைக்குள் அறையாக, தாழ்வாரத்துக்குள் தாழ்வாரமாக விரிந்த கட்டடம் அது. சுவர்களில் பாயும் காளையின் முதுகைத் தாண்டிக் குதிக்கும் இளைஞர்களின் ஓவியம். உடனே எல்லோரும் இதுதான் அந்தச் சிக்கல் மாளிகை என்றார்கள். கட்டடத்தை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆனால் அங்கே இன்னொன்று கிடைத்தது: களிமண் ஏடுகள். அரண்மனைக் கணக்கர்கள் ஈர மண்ணில் எழுதிப்போட்ட தினசரிக் கணக்கு. அரண்மனை தீப்பிடித்தபோது அவையும் சுட்டுக் கெட்டிப்பட்டதால்தான் மூவாயிரம் ஆண்டு தாண்டி நம் கைக்கு வந்தன. தொழிலால் கட்டடக் கலைஞரான மைக்கேல் வென்ட்ரிஸ் 1952-ல் அந்த எழுத்தைப் படித்துக் காட்டினார்.

ஓர் ஏட்டில் இரண்டே வரி. எல்லாத் தெய்வங்களுக்கும் சேர்த்து ஒரு குடம் தேன் என்று முதல் வரி. லாபிரிந்தின் நாயகிக்கு ஒரு குடம் தேன் என்று அடுத்த வரி.

எல்லாத் தெய்வங்களுக்கும் போன அதே அளவு இந்த ஒருத்திக்குப் போயிருக்கிறது. யார் அவள்? லாபிரிந்த் கதையில் வரும் இளவரசி அரியட்னியின் பழைய வடிவம் என்று சிலர் நினைக்கிறார்கள். மாட்டுத்தலை மனிதனான மினோட்டாரைப் பற்றி ஏடுகளில் ஒரு வார்த்தை இல்லை. அவனுக்கு அஸ்டேரியோஸ் என்று ஒரு பெயர் உண்டு. விண்மீனை நினைவூட்டும் பெயர். இருட்டறையில் அடைத்த பிள்ளைக்கு அப்படி ஒரு பெயர் வைத்தது யார் என்று கதைகள் சொல்லவில்லை.

கே: மெழுகுச் சிறகு உருகி இகாரஸ் கடலில் விழுந்தான். அப்பா டீடலஸ் என்ன ஆனார்?

ப: மகனை அடக்கம் செய்துவிட்டுப் பறந்து சிசிலித் தீவுக்குப் போய், கோகலஸ் என்ற அரசனிடம் ஒளிந்துகொண்டார். அவரை விடாமல் துரத்திய கிரீட் மன்னன் மினோஸ் ஊர் ஊராக ஒரு சங்கைக் கொண்டுபோய்க் காட்டினான். சங்கின் உள்சுழல் வழியாக ஒரு நூலைக் கோத்துக் கொடுப்பவருக்குப் பரிசு. உலகத்திலேயே ஒருவரால்தான் முடியும் என்று அவனுக்குத் தெரியும். கோகலஸ் சங்கை உள்ளே எடுத்துப் போனான். டீடலஸ் சங்கின் நுனியில் ஒரு துளை போட்டார். ஓர் எறும்பின் உடம்பில் நூலைக் கட்டி உள்ளே விட்டார். அது சுழலெல்லாம் சுற்றி நூலோடு வெளியே வந்தது. கோத்த சங்கைப் பார்த்ததும் ஆள் இங்கேதான் என்று மினோஸுக்குப் புரிந்துவிட்டது. அந்த வீட்டிலேயே குளிக்கும்போது கொதிநீரில் அவன் கதை முடிந்தது என்கிறார்கள்.

ஒளிந்திருப்பவர் சும்மா இருந்திருந்தால் பிடிபட்டிருக்க மாட்டார். ஆனால் கஷ்டமான புதிர் ஒன்று கைக்கு வந்தபின் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கைத்தொழில் தெரிந்தவர்களின் மனசை இவ்வளவு சரியாகச் சொன்ன கதை வேறு எங்கும் நான் படித்ததில்லை. பள்ளிப் பாடங்கள் இகாரஸோடு நின்றுவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கே: சைரன்கள் கடல்கன்னிகள்தானே?

ப: கிரேக்கர்கள் வரைந்த சைரனுக்குப் பெண் தலை, பறவை உடம்பு. மீன்வால் இடைக்கால ஐரோப்பாவில் முளைத்தது.

கே: ஜீயஸ் ஏன் இப்படிக் கண்ட பெண்களின் பின்னால் அலைகிறார்? கடவுளுக்கு இது அழகா?

ப: ஹெசியட் கணக்குப்படி மனைவியரே ஏழு பேர், ஹீரா ஏழாவது. மற்ற பெண்களின் பட்டியல் நீண்டதற்கு ஒரு காரணம் அரச குலங்கள். மினோஸ் ஜீயஸின் மகன் என்றது கிரீட். லாசிடீமன் என்றது ஸ்பார்ட்டா. ஆர்க்கஸ் என்றது ஆர்க்கேடியா. ஏகஸ் என்றது ஏஜைனா தீவு. ஒவ்வோர் ஊரும் தன் முதல் அரசனுக்கு ஜீயஸை அப்பாவாக்கினால், எல்லாக் கதையையும் சேர்த்துப் படிக்கும் நமக்கு அவர் அப்படித்தான் தெரிவார்.

காரணம் தெரிந்துவிட்டதால் கதை நியாயமாகிவிடாது. ஜீயஸின் கண்ணில் பட்ட காலிஸ்டோ கரடியானாள். அயோ பசுவாகி, மாட்டு ஈ கடிக்க நாடு நாடாக ஓடினாள். ஒரு தவறும் செய்யாத பெண்கள் இவர்கள். ரோமானியர்களின் ஜீயஸான ஜூபிடரின் பெயர் கொண்ட வியாழன் கிரகத்தின் பெரிய நிலவுகளுக்கு அயோ, யுரோப்பா, கானிமீட், காலிஸ்டோ என்று பெயர் வைத்தார்கள். எல்லாம் அவர் கவர்ந்துகொண்டவர்களின் பெயர். 2016-ல் அந்தக் கிரகத்தைச் சுற்ற ஆரம்பித்த நாசா விண்கலத்துக்கு ஜூனோ என்று ஹீராவின் ரோமானியப் பெயரை வைத்திருக்கிறார்கள்.

கே: ரோபோ, ஏஐ எல்லாம் அப்போதே இருந்தது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா?

ப: கற்பனையில் இருந்தது. கிரீட் தீவைத் தினம் மூன்று முறை சுற்றி ஓடிக் காவல் காத்த டேலோஸ் வெண்கலத்தால் ஆனவன். உடம்புக்குள் ஒரே நாளம், அதன் முனையில் ஓர் ஆணி. மீடியாவின் மாயத்தால் ஆணி கழன்று உயிர்நீர் ஒழுகி விழுந்தான். இலியட்டின் பதினெட்டாம் காண்டத்தில் கொல்லர் தெய்வம் ஹெஃபைஸ்டஸ் நடக்கும்போது, அவர் பொன்னால் செய்த பெண்கள் இருபுறமும் தாங்கி வருகிறார்கள். அவர்களுக்கு அறிவும் பேச்சும் உண்டு. கால் ஊனமான ஒரு தொழிலாளி தனக்குத் துணையாகச் செய்துகொண்டவர்கள் அவர்கள். ஆயுதமாகச் செய்யவில்லை. வீடியோ போடுகிறவர்கள் அந்த இடத்தைக் கவனித்தால் நன்றாக இருக்கும்.

கே: டிமீட்டர் வழிபாடு எப்போது நின்றது?

ப: புத்தகக் கணக்கில் கி.பி. நான்காம் நூற்றாண்டின் கடைசி. ரோமப் பேரரசர் தியடோசியஸ் பழைய தெய்வ வழிபாட்டைத் தடை செய்தார். சில வருடத்தில் கோத் படைகள் வந்து எலூசிஸ் கோயிலை இடித்தன. ஏதென்ஸிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர் எலூசிஸ். மகள் பெர்செபனியைப் பாதாள அரசன் தூக்கிப்போன பிறகு, ஒன்பது நாள் அன்னம் தண்ணீர் இல்லாமல் தீப்பந்தத்தோடு தேடியலைந்த தாய் டிமீட்டர் கிழவி வேஷத்தில் வந்து உட்கார்ந்த கிணறு அங்கேதான் இருந்தது என்று நம்பினார்கள். தானியம் விளைய வைப்பவள் அவள். அவள் முகம் திருப்பியதும் உலகத்தில் ஒரு விதை முளைக்கவில்லை.

ஊர்க் கணக்கு வேறு. 1801-ல் எட்வர்ட் டேனியல் கிளார்க் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் எலூசிஸுக்குப் போனார். களத்துமேட்டின் பக்கத்தில், கழுத்துவரை எருக்குவியலில் புதைந்தபடி ஒரு பெண்ணின் பளிங்குச் சிலை. தலையில் ஒரு கூடை. எரு போட்டவர்கள் அவமதிப்பதற்காகப் போடவில்லை. தங்கள் வயல் விளைவது அவளால்தான் என்று நம்பியதால் போட்டார்கள். சர்ச்சுக்குப் போகிற கிறிஸ்தவர்கள் அவர்கள். ஆனாலும் அவளைப் புனிதை டிமீட்ரா என்றே கொண்டாடினார்கள். சர்ச்சின் புனிதர் பட்டியலில் அப்படி ஒருவர் கிடையாது. கிளார்க் துருக்கி அதிகாரியிடம் அனுமதி வாங்கிவிட்டார். சிலையைத் தொட்டால் விளைச்சல் போய்விடும் என்று ஊரே எதிர்த்தது. சிலையை எடுப்பதற்கு முதல் நாள் மாலை, நுகத்தடியிலிருந்து அவிழ்த்துவிட்ட ஒரு மாடு ஓடிவந்து சிலையை முட்டிவிட்டுக் கத்திக்கொண்டு வயலுக்குள் ஓடியது. இனி ஒருவரும் கைவைக்க மாட்டோம் என்றார்கள் ஊர்க்காரர்கள். பாதிரியார் முழு அங்கியோடு வந்து மண்வெட்டியால் முதல் வெட்டு வெட்டிக் காட்டியபிறகுதான் வேலை நடந்தது. சிலையை ஏற்றிய கப்பல் இங்கிலாந்துக் கரைக்குப் பக்கத்திலேயே மூழ்கியது. சிலையை மட்டும் மீட்டுவிட்டார்கள். இன்று கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

ஆராய்ந்தவர்கள், அது டிமீட்டரே இல்லை, கோயில் வாசலைத் தாங்கிய தூண்பெண்களில் ஒருத்தி என்று சொல்லிவிட்டார்கள். கலை வரலாற்றுக்கு அது சரி. ஆனால் மதம் மாறி, அரசு மாறி, கோயில் மண்மேடாகி ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்தும் அந்தத் தாயின் பெயரை எருக்கூடையோடு சுமந்த விவசாயிகள், தங்கள் தெய்வத்தை எடுக்காதே என்று கேட்டது நியாயமான கோரிக்கை. அந்தச் சிலை எலூசிஸில் இருந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

கே: ஹேடிஸ் நம்ம எமதர்மன்தானே?

ப: எமன் உயிரை எடுக்க வருவார், கணக்குப் பார்த்துத் தீர்ப்பும் சொல்வார். ஹேடிஸ் இரண்டும் செய்வதில்லை. உயிரை அழைத்துப் போவது ஹெர்மிஸ். படகில் அக்கரை சேர்ப்பது கேரன்; கூலிக்காகப் பிணத்தின் வாயில் ஒரு சின்னக் காசு வைத்தார்கள், அந்தக் காசுகள் கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன. தீர்ப்புச் சொல்வது மினோஸ், ராடமந்திஸ், ஏகஸ் என்ற மூவர். ஹேடிஸ் அந்த உலகத்துக்கு அரசர், அவ்வளவே. சினிமாக்கள் அவரை வில்லனாக்கியது அநியாயம். பெர்செபனியைத் தூக்கிப்போனது ஒன்றுதான் அவர்மேல் உள்ள குற்றம். அது சின்னக் குற்றமும் இல்லை.

கே: கல்லை உருட்டிக்கொண்டே இருக்கும் சிசிபஸ் விடாமுயற்சியின் சின்னமா?

ப: ஏமாற்றின் சின்னம். கொரிந்து நகரத்து அரசன். தன்னைப் பிடிக்க வந்த மரணத்தையே சங்கிலியில் கட்டிப்போட்டான். போர்த்தெய்வம் வந்து அவிழ்க்கும்வரை உலகத்தில் ஒருவரும் சாகவில்லை. அடுத்த முறை சாகும்முன், எனக்கு ஈமச்சடங்கு செய்யாதே என்று மனைவியிடம் சொல்லிவைத்தான். கீழே போய், பாருங்கள், எனக்குச் சடங்குகூடச் செய்யவில்லை, போய்க் கண்டித்துவிட்டு வருகிறேன் என்று அனுமதி கேட்டான். கிடைத்தது. திரும்பிப் போகவே இல்லை, முதுமை வந்து இழுத்துப்போகும்வரை. சாவை இரண்டு முறை ஏமாற்றியவனுக்கு, முடியவே முடியாத வேலை. இவ்வளவு கச்சிதமான தண்டனை புராணத்தில் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை.

கே: ஹெர்க்குலிஸின் மகள்தான் முதல் பாண்டிய அரசி என்கிறார்களே?

ப: சொன்னவர் மெகஸ்தனிஸ், கி.மு. 300 வாக்கில் சந்திரகுப்த மௌரியரிடம் வந்த கிரேக்கத் தூதர். அவர் நூல் தொலைந்துவிட்டது. அதிலிருந்து அரியன் என்ற பிற்கால எழுத்தாளர் எடுத்தெழுதியது இருக்கிறது. இந்தியாவில் ஹெராக்ளிஸுக்கு (ஹெர்க்குலிஸின் கிரேக்கப் பெயர்) மகன்கள் பலர், மகள் ஒருத்தி, பெயர் பாண்டையா. அவள் ஆள ஒரு நாட்டையும், 500 யானை, 4,000 குதிரை, 1,30,000 காலாள் படையையும் தந்தார். மகளை அலங்கரிக்கக் கடலிலிருந்து முத்து எடுத்தார்.

வேற்று நாட்டுத் தெய்வத்தைத் தங்கள் தெய்வத்தின் பெயரால் அழைப்பது கிரேக்கர்களின் பழக்கம். சூரசேன நாட்டார் வணங்கிய இந்த ஹெராக்ளிஸ் கண்ணனே என்பது பலரின் கருத்து. முத்து, பாண்டையா என்ற பெயர், பெண்ணரசு இந்த மூன்றும் சேர்ந்து வருவதால், கொற்கைக் கடல் பற்றிய சேதி பாடலிபுத்திரம்வரை போயிருக்கிறது என்று நான் நம்புகிறேன். மீனாட்சியோடு இணைத்துப் பேசுகிறவர்களும் உண்டு. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் திருவிளையாடல் கதைகள் நூலாவது அதற்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் கழித்து. நடுவில் பாலம் இல்லை.

கே: உங்களுக்கு மிகவும் பிடித்த பாத்திரம்?

ப: ஆர்கோஸ். ஒடிசியஸின் நாய். இருபது வருடம் கழித்து அவர் பிச்சைக்காரர் வேஷத்தில் வீட்டு வாசலுக்கு வருகிறார். மனைவிக்குத் தெரியவில்லை, மகனிடம் தானே சொல்ல வேண்டியிருந்தது. சாணக்குவியல்மேல் உண்ணி மொய்க்கப் படுத்திருக்கும் கிழட்டு நாய் குரலைக் கேட்டதும் காதுகளைத் தாழ்த்தி வாலை ஆட்டுகிறது. எழுந்து வரத் தெம்பில்லை. வேஷம் கலைந்துவிடும் என்பதால் அவரும் கிட்டே போக முடியாது. பக்கத்தில் இருப்பவன் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகிறார். நாய் செத்துவிடுகிறது. எந்தக் கடவுளும் தலையிடாத காட்சி அது.

கே: டயோனிசஸுக்காக ஹெஸ்டியா தன் சிம்மாசனத்தை விட்டுக்கொடுத்தாள் என்று இணையத்தில் படித்து நெகிழ்ந்தேன்.

ப: நெகிழ்ச்சி இருக்கட்டும். ஆனால் பழைய நூல் எதிலும் அது இல்லை. 20-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் கிரேவ்ஸ் எழுதியதிலிருந்து பரவியது. ஹெஸ்டியாவின் உண்மையான பெருமை வேறு: வேள்வியில் முதல் பங்கு அவளுக்கு. அடுப்புத் தீயே அவள்தான்.

கே: ஒலிம்பஸ் மலையில் ஏற முடியுமா? ஏறினால் தெய்வக் குற்றம் ஆகாதா?

ப: ஹோமர் சொல்லும் ஒலிம்பஸில் காற்றடிக்காது, மழை நனைக்காது, பனி விழாது. நிஜ ஒலிம்பஸில் மூன்றும் உண்டு. 2,900 மீட்டரைத் தாண்டிய மலை. மிட்டிகாஸ் என்ற உச்சியை மனிதர் தொட்டதாகப் பதிவானது 1913 ஆகஸ்ட் 2-ல். ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த புகைப்படக்காரர் பிரெடெரிக் புவாசோனா, அவர் நண்பர் டேனியல் போ-போவி, இருவருக்கும் வழிகாட்டியாக லிட்டோஹோரோ ஊரின் வேட்டைக்காரர் கிறிஸ்டோஸ் காகலோஸ். மூடுபனியில் பக்கத்து முகட்டை உச்சி என்று எண்ணி ஏறிவிட்டார்கள். பனி விலகியதும் அதைவிட உயரமாக இன்னொன்று தெரிந்தது. அதன்மேல் முதலில் கால் வைத்தவர் காகலோஸ். இப்போதும் லிட்டோஹோரோவிலிருந்துதான் கிளம்புகிறார்கள். கடைசிப் பகுதியில் கையையும் ஊன்றித்தான் பாறையில் ஏற வேண்டும். கோடையில் போங்கள், உள்ளூர் வழிகாட்டியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.